தளம் போட்டாயிற்று, பாதிச் செலவு பாக்கி

தமிழ்நாட்டில் சொந்த மனையில் தனி வீடு கட்ட இறங்கும் குடும்பம் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" என்பதைத்தான். மேஸ்திரியோ பொறியாளரோ ஒரு எண்ணைச் சொல்வார். அதைப் பரப்பால் பெருக்கினால் வீட்டின் விலை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கையிருப்பு, வங்கிக் கடன், நகை என்று எல்லாமே வரிசைப்படுத்தப்படுகின்றன. கணக்குக்காக 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம். பெருக்கலில் தவறில்லை. ஆனால் சுற்றுச்சுவர், கேட், சம்ப், செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, மனையை மேடாக்கும் மண், வரைபட அனுமதி, மின் இணைப்பு, அலமாரி, மாடுலர் கிச்சன் ஆகியவை பெரும்பாலான சதுர அடி ஒப்பந்தங்களில் சேருவதில்லை. 24 லட்சம் என்று தொடங்கிய வீடு 30 லட்சத்தைத் தொடுவது இப்படித்தான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கூரைத் தளம் போட்ட அன்று வீடு முக்கால்வாசி முடிந்ததுபோலக் கண்ணுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எப்போது பால் காய்ச்சுவது என்று கேட்கத் தொடங்குவார்கள். அஸ்திவாரம், தூண், சுவர், தளம் இவ்வளவும் முடிந்த நிலையில் செலவாகியிருப்பது ஏறத்தாழ பாதிதான். பூச்சு, தரை, கதவு, ஜன்னல், குழாய், வயரிங், பெயிண்ட், மரவேலை என்று மறுபாதி அப்படியே நிற்கிறது. முதல் பாதி நான்கைந்து பெரிய பட்டுவாடாக்களில் போய்விடும். இரண்டாம் பாதி நூற்றுக்கணக்கான சிறு பில்களாக வரும். பணம் முட்டுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்தான் என்றாலும், அதற்கான காரணங்கள் மனை வாங்கும்போதே தொடங்கிவிடுகின்றன.

மனையும் மண்ணும்

மனை விலை பேசும்போது பதிவுச் செலவு பலருக்கு நினைவில் வருவதில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 15 லட்சம் ரூபாய் மனைக்கு இது மட்டும் 1,35,000 ரூபாய். பத்திரம் எழுதும் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் தனி. வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம். மனைக்கும் கடன் வாங்குபவருக்கு அதில் நேரடி நஷ்டமும் உண்டு. வங்கி பத்திரத்தில் உள்ள தொகையைப் பார்த்துத்தான் கடன் தரும். ரொக்கமாகக் கொடுத்தது வங்கியின் கணக்கில் வராது.

மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, புல வரைபடம் இவை நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பத்திரத்தில் 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி இருந்து, தரையில் அளந்தால் 2,050 மட்டும் இருப்பது அதிசயமில்லை. சர்வேயரை வைத்து அளந்து கல் நடுவதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், பின்னால் பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் வாய்க்கா வரப்புத் தகராறைத் தவிர்க்கும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அத்தகைய பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி வரன்முறை செய்யப்படாத மனைக்கு வரைபட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

அனுமதி வாங்கும் வேலை முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியாகவே உடனடி அனுமதி பெறலாம். அலுவலர் வந்து பார்த்துத் தடுக்கும் கட்டம் இதில் இல்லை. ஆகவே பக்க இடைவெளி குறைந்தாலோ வரைபடத்தை மீறினாலோ பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில்தான். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். அதைக் காகிதத்தில் மட்டும் வரைந்துவிட்டு விடுபவர்கள் இரண்டு கோடை கழித்துத் தண்ணீர் லாரிக்குப் போன் செய்கிறார்கள்.

மண்ணின் தன்மையைச் சோதிக்காமல் அஸ்திவார ஆழத்தை முடிவு செய்வது பரவலான பழக்கம். பக்கத்து வீட்டில் ஐந்தடி எடுத்தார்கள், நமக்கும் ஐந்தடி போதும் என்பதே அளவுகோல். விருதுநகர், தூத்துக்குடி, கோவை பக்கத்துக் கரிசல் மண்ணும் சென்னையின் பல பகுதிகளிலுள்ள களிமண்ணும் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். அந்த இழுபறியில் சுவரில் குறுக்கு விரிசல் விழும். விரிசலைப் பூசி மறைக்கலாம், ஆனால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்பி வரும். ஒப்பந்தத்தில் சொன்ன ஆழத்துக்கு மேல் தோண்ட வேண்டிவந்தால் அது தனிக் கூலி, தனிப் பொருள். எஸ்டிமேட் முதல்முறையாக உடையும் இடமும் இதுதான்.

தரைமட்டம் அடுத்த சிக்கல். தெருச்சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்ந்துகொண்டே போய், வாசல்படி இறங்கி வீட்டுக்குள் போகும் நிலையில் தமிழ்நாட்டு நகரங்களில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அதனால் இப்போது சாலையிலிருந்து மூன்றடி, நான்கடி உயர்த்திக் கட்டுகிறார்கள். 1,000 சதுர அடியை மூன்றடி உயர்த்த 3,000 கன அடி நிரப்பு மண் வேண்டும். அதாவது 30 யூனிட். மண்ணை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு மேலே தரை போட்டால் இரண்டு ஆண்டில் டைல்ஸ் இறங்கும். அரை அடி உயரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்த வேலைதான், ஏனென்றால் பிறகு யாராலும் அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

கடன் எப்போது கைக்கு வருகிறது

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இவை உச்சவரம்புகளே, சம்பளத்தையும் பழைய கடன்களையும் பார்த்து வங்கி குறைத்தும் தரலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இந்தச் சொத்து மதிப்பில் சேராது. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, 10 சதவீதம் கையில் இருந்தால் போதும் என்று கிளம்புபவருக்கு உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

கட்டும் வீட்டுக்கான கடன் மொத்தமாக வருவதில்லை. அஸ்திவாரம், லிண்டல் மட்டம், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக வரும். வங்கியின் பொறியாளர் வந்து பார்த்து, இந்தக் கட்டம் முடிந்தது என்று அறிக்கை கொடுத்த பிறகே அடுத்த தவணை. முதல் கட்டத்துக்கான பணத்தை வீட்டுக்காரர் தன் கையிலிருந்து போட்டாக வேண்டும். வேலை முடிந்து பணம் வருவதற்கும், அடுத்த வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கும் இடையே இரண்டு மூன்று வாரம் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கொத்தனார் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால், திரும்ப அழைத்துவர ஒரு மாதம் ஆகும். ஒரு கட்டத்துக்கான தொகையையாவது புரட்டுப் பணமாகத் தனியே வைத்திருக்கும் குடும்பங்கள்தான் இந்த இடைவெளிகளைச் சிரமமின்றிக் கடக்கின்றன.

வட்டிக் கணக்கைப் பலர் தவணைத் தொகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 30 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். மொத்தம் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 62.5 லட்சம், வட்டி மட்டும் அசலைவிட அதிகம். வட்டி விகிதம் ஒரு சதவீதம் ஏறி 9.5 ஆனால் தவணை 27,964 ஆகும். தவணையைக் கூட்டாமல் பழைய தொகையையே கட்டிக்கொண்டு போனால், 20 ஆண்டுக் கடன் 25 ஆண்டுகளையும் தாண்டி நீளும். மாதத் தவணை மாறாததால் பலருக்கு இது தெரிவதே இல்லை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கத் தனிநபர்களிடம் அபராதமும் வசூலிக்கக் கூடாது.

கடன் முழுவதும் கைக்கு வரும் வரை, வந்த தொகைக்கு வட்டி மட்டும் கட்ட வேண்டும். 15 லட்சம் வந்திருந்தால் 8.5 சதவீதத்தில் மாதம் 10,625 ரூபாய். இதில் ஒரு பைசாகூட அசலில் கழியாது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு வாடகையும் இந்த வட்டியும் சேர்ந்தே ஓடும். எட்டு மாதத்தில் முடிய வேண்டிய வீடு பதினான்கு மாதம் இழுத்தால், அந்த ஆறு மாதத்தின் வாடகையும் வட்டியும் எந்த எஸ்டிமேட்டிலும் இல்லாத செலவு.

வருமான வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு என்பது பழைய வரிமுறையில்தான். தனியாகத் தேர்வு செய்யாதவர்களுக்குத் தானாகவே பொருந்தும் புதிய முறையில் அது இல்லை. பழைய முறையிலும், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால் கழிவு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

கிராமப்புறங்களில் குடிசை வீடுகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட, கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. வீடு குறைந்தது 360 சதுர அடி இருக்க வேண்டும். அங்கும் பணம் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது, அங்கும் முதல் கட்டத்துக்கான முதலைத் திரட்டுவதே பெரும்பாடு.

ஒப்பந்தம் என்னும் ஒற்றைத் தாள்

வேலை விடுவதில் மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. நாள் கூலிக்கு ஆள் வைத்துக் கட்டுவது; பொருளை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசும் லேபர் காண்ட்ராக்ட்; பொருளும் கூலியும் சேர்ந்த முழு ஒப்பந்தம். நாள் கூலியில் தரம் நன்றாக இருக்கும், வேலை இழுக்கும். லேபர் காண்ட்ராக்டில் வேலை வேகமாக ஓடும், ஆனால் சிமென்டும் மணலும் சிந்துவதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். தினமும் சைட்டில் நிற்க நேரமுள்ளவருக்கே அது சரிப்படும். வேலைக்குப் போகும் தம்பதியருக்கு முழு ஒப்பந்தத்தை விட்டால் வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

முழு ஒப்பந்தத்தில் சண்டை வருவது பெரும்பாலும் சொல்லாமல் விட்ட விஷயங்களில். சதுர அடி எதை வைத்து அளக்கப்படுகிறது? போர்ட்டிகோ முழு அளவா, பாதியா? மாடிப்படிக்கு மேலுள்ள ஹெட்ரூம் சேருமா? கம்பி எந்தத் தரம், டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, வாசக்கால் தேக்கா வேங்கையா, ஒரு அறைக்கு எத்தனை மின் பாயின்ட், சம்ப் எத்தனை லிட்டர்? "நல்ல தரமான டைல்ஸ்" என்று எழுதிய ஒப்பந்தத்துக்கு அர்த்தமே இல்லை. சதுர அடிக்கு 50 ரூபாய் டைல்ஸ் என்று எழுதியிருந்து, கடையில் 80 ரூபாய் டைல்ஸ் பிடித்துப்போனால், வித்தியாசம் யார் கணக்கில் என்ற கேள்விக்காவது தெளிவான பதில் இருக்கும்.

வேலை நடுவே சொல்லும் மாற்றங்கள்தான் எக்ஸ்ட்ரா பில்லாக வந்து நிற்பவை. "இந்த ஜன்னலைக் கொஞ்சம் பெரிசா வெச்சிடுங்க மேஸ்திரி" என்று வாய்வார்த்தையாகச் சொன்னது, கடைசியில் சிலாப் நீட்டியது, லிண்டல் மாற்றியது, கிரில் கூடியது என்று மூன்று வரிகளாகத் திரும்பி வரும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அன்றன்றே விலை பேசி இருவரும் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் நம்பிக்கைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கி யாரும் அதைச் செய்வதில்லை.

பணம் வேலைக்குப் பின்னால் போக வேண்டும். அஸ்திவாரம் முடியும் முன்பே பாதித் தொகை கைமாறிவிட்டால், பிறகு வீட்டுக்காரர் பேச்சுக்கு எடை இருக்காது. கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்திவைப்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. அடுக்குமாடி வீடு வாங்குபவருக்குக் கட்டுமானக் குறைகளுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 5 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவருக்கு அது பொருந்தாது. அவருக்குள்ள வழி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவது அதில் ஒரு சேவை. 50 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்தை மாவட்ட ஆணையத்திலேயே கொண்டுபோகலாம். அங்கே போய் நின்றால் முதலில் கேட்கப்படுவது அந்த ஒப்பந்தத் தாளும் பணம் கொடுத்த ரசீதுகளும்தான்.

கம்பி, சிமென்ட், தண்ணீர்

பொருளை வீட்டுக்காரரே வாங்கினால் அளவுகளைச் சரிபார்க்கச் சில எளிய கணக்குகள் உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.67 கிலோ. 100 கம்பி இறங்கினால் எடைமேடையில் ஏறத்தாழ 1,067 கிலோ காட்ட வேண்டும். இந்த அளவுக் கம்பியில் 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தைத் தரநிலையே அனுமதிக்கிறது. அதற்கும் கீழே போனால் கம்பி மெலிந்திருக்கிறது அல்லது எண்ணிக்கை குறைந்திருக்கிறது. எம்-சாண்ட் யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டியின் நீள, அகல, உயரத்தை டேப்பால் அளந்து பார்க்காமல் லோடு கணக்கில் வாங்கினால் குறைவது தெரியாது. ஈரமணல் உப்பலாக நிற்கும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அடிப்படை விலை 300 ரூபாய் என்றால் ஒரு மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம். 1,000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை என்ற வழக்கமான தோராயக் கணக்கில் 12,000 ரூபாய். நல்ல விஷயம்தான், ஆனால் வாசலுக்கு ஒரு நல்ல கதவு வாங்கக்கூட அது காணாது.

தளம் போடும் நாள் வீட்டுக்காரர் கட்டாயம் சைட்டில் இருக்க வேண்டிய நாள். 1,000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் ஏறத்தாழ 12 கன மீட்டர் காங்கிரீட். வழக்கமான 1 : 1½ : 3 கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் தளத்துக்கு மட்டும் 95 மூட்டை சிமென்ட், பீம்கள் தனி. விடியற்காலையில் தொடங்கும் கலவை எந்திரம் சாயங்காலம் வரை நிற்காது. மதியத்துக்கு மேல் ஆட்கள் களைத்ததும் கலவை தளதளவென்று ஓடட்டும் என்று தண்ணீரைக் கூட்டி ஊற்றுவார்கள். வேலை சுலபமாகும், காங்கிரீட்டின் வலு குறையும். ஒரு மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர்தான் அளவு. கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்பதையும் காங்கிரீட் கொட்டுமுன் குனிந்து பார்க்க வேண்டும். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், பத்து ஆண்டுக்குள் துருப்பிடித்து உப்பிக் கூரையின் அடிப்பூச்சை உதிர்க்கும்.

தண்ணீர் உப்பாக இருந்தாலும் இதே கதிதான். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. கடலோர ஊர்களில் போர்த் தண்ணீரைச் சோதிக்காமல் பயன்படுத்துவது ஆபத்து. காங்கிரீட்டுக்குச் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இதற்காகத்தான். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று எழுதப்படுவதில்லை. மேஸ்திரி வீட்டுக்காரரைப் பார்ப்பார், வீட்டுக்காரர் மேஸ்திரியைப் பார்ப்பார், கோடை வெயில் தளத்தைப் பார்த்துக்கொள்ளும்.

உள்வேலையின் நூறு பில்கள்

இங்கிருந்துதான் செலவின் போக்கு மாறுகிறது. அதுவரை முடிவுகளைப் பொறியாளர் எடுத்தார். இனிமேல் குடும்பமே எடுக்கிறது. தூணின் கம்பியைப் பற்றி யாருக்கும் ஆசை கிடையாது. டைல்ஸ், குழாய், விளக்கு, சமையலறை என்று வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை உண்டு. ஷோரூமில் ஒவ்வொரு பொருளும் எஸ்டிமேட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இருக்கும். நாற்பது பொருளில் அந்தக் கொஞ்சம் சேர்ந்து ஒன்றிரண்டு லட்சமாகிவிடும். கையிருப்பும் வங்கிக் கடனும் தீர்ந்திருக்கும் நேரமும் இதுவே. நகையை அடகு வைப்பது, சீட்டைத் தள்ளி எடுப்பது, தனிநபர் கடன் வாங்குவது எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன. தனிநபர் கடனின் வட்டி வீட்டுக் கடனைவிட நிச்சயம் அதிகம். 20 ஆண்டுக் கடனை மலிவாக வாங்கிவிட்டு, கடைசி 3 லட்சத்தை விலை கூடிய கடனாக வாங்குவது கணக்குத் தெரிந்தவர்கள்கூடத் தவிர்க்க முடியாமல் செய்யும் காரியம்.

வரிசை தவறுவதும் பணத்தைத் தின்கிறது. சுவர் பூசும் முன்பே மின் பாயின்ட்களை முடிவு செய்ய வேண்டும்: கட்டில் எங்கே, டிவி எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, இன்வெர்ட்டர் எங்கே, ஏசி எந்தச் சுவரில். பூசி முடித்த பிறகு ஒரு பாயின்ட் சேர்க்க சுவரைக் கொத்தி, பைப் பதித்து, மறுபடி பூச வேண்டும். அந்த இடம் பெயிண்ட் அடித்த பிறகும் தனியாகத் தெரியும். குழாய்களையும் அப்படியே, டைல்ஸ் ஒட்டும் முன் நீரழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் உடைப்பது ஒரு குளியலறையின் டைல்ஸ் முழுவதையும்.

சமையலறையில் நடக்கும் வீண்செலவு கிட்டத்தட்ட ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மேஸ்திரி பழைய பழக்கப்படி மேடைக்கு அடியில் செங்கல் தடுப்பு எழுப்பிக் கடப்பாக்கல் தட்டுகள் பதித்துவிடுவார். பிறகு மாடுலர் கிச்சன்காரர் வந்து, அளவு பொருந்தவில்லை என்று அத்தனையையும் உடைக்கச் சொல்வார். கட்டிய கூலி, உடைத்த கூலி, குப்பை அள்ளிய கூலி மூன்றும் வீட்டுக்காரருடையது. மாடுலர் கிச்சன் வைக்கப் போகிறோமா என்பதை மேடை கட்டும் முன்பே தீர்மானித்துவிட்டால் இவ்வளவும் மிச்சம். இப்போதைக்குப் பணமில்லை என்றால் மேடையை மட்டும் கட்டிவிட்டு அடிப்பகுதியை வெறுமனே விடலாம். ஓராண்டு திரைச்சீலை தொங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

டைல்ஸ் வாங்கும்போது பெட்டிகளில் உள்ள பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் பெட்டிக்கு நான்கு வீதம் 16 சதுர அடி வரும். வெட்டுச் சேதாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் சேர்த்து முதலிலேயே வாங்கிவிட வேண்டும். குறைந்துவிட்டது என்று ஒரு மாதம் கழித்து அதே டைல்ஸை வாங்கப் போனால் நிறம் ஒரு பிடி மாறியிருக்கும், அல்லது அந்த டிசைனே வருவதில்லை என்பார்கள். பழுதானால் மாற்ற ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வைப்பதும் நல்ல பழக்கம். குளியலறையின் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். ஆனால் அதை டைல்ஸ்காரர் கிளம்பும் முன் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்துபோகிற எதிலும் கை சுருங்கக் கூடாது: வயர், குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, எர்த், மின்கசிவைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்சிசிபி. வெளியே தெரிகிற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்: ஃபேன்சி விளக்கு, ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், முகப்பு அலங்காரம். நடைமுறையில் நேர்மாறாகவே நடக்கிறது. விருந்தாளி பார்ப்பது ஃபால்ஸ் சீலிங்கைத்தானே, எர்த் குழியை இல்லையே.

மின் இணைப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டுமானத்துக்கு வாங்கும் தற்காலிக இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் அதற்குக் கிடையாது. வேலை முடிந்ததும் வீட்டு இணைப்பாக மாற்றாமல் குடியேறி, மாதக்கணக்கில் கூடுதல் கட்டணம் கட்டுபவர்கள் உண்டு.

முகூர்த்தமும் மழையும்

வீட்டு வேலையின் நாள்காட்டி பஞ்சாங்கத்தில் தொடங்குகிறது. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் வாஸ்து நாள் இல்லை. ஆண்டில் மொத்தம் எட்டே நாள். ஆவணியில் பூமி பூஜை போட்டால் அஸ்திவாரக் குழி வெட்டி முடிப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். குழியில் தண்ணீர் நின்று கரை சரிந்தால் மறுபடி வெட்ட வேண்டும். தையில் தொடங்கினால் மழைக்கு முன் தளம் போட்டுவிடலாம், ஆனால் கோடையில் தண்ணீருக்கு அலைய வேண்டும். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, வடமாநிலத் தொழிலாளர்கள் தேர்தலுக்கும் பண்டிகைக்கும் ஊர் போவது என்று விடுமுறைகள் தனி.

எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்வது கிரகப்பிரவேசத் தேதியை முன்கூட்டியே குறிப்பதுதான். பத்திரிகை அடித்துவிட்டால் பூச்சு காய்வதற்கு யாரும் காத்திருப்பதில்லை. சிமென்ட் பூச்சு முழுமையாக உலரச் சுமார் 28 நாள் வேண்டும். ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் உப்போடு வெளியே வந்து ஓராண்டுக்குள் பெயிண்டைச் செதில் செதிலாக உரித்துவிடும். பால் காய்ச்ச வாசக்காலும் கதவும் அடுப்பும் இருந்தால் போதும். பிரைமரோடு நிறுத்திவிட்டு, குடியேறி ஒரு கோடை கழித்துப் பெயிண்ட் அடிப்பது சுவருக்கும் நல்லது, பணம் புரட்டவும் அவகாசம் கிடைக்கும். புகைப்படத்தில் சுவர் வெள்ளையாகத்தான் தெரியும் என்பதே இதிலுள்ள ஒரே குறை.

குடியேறிய பிறகு சொத்து வரிக்கு விண்ணப்பிப்பது, மின் இணைப்பை மாற்றுவது, கழிவுநீர் வசதி உள்ள ஊரானால் அந்த இணைப்பு வாங்குவது ஆகியவை பாக்கி. வீட்டுக் காப்பீட்டை வங்கி தானாகவே கடனோடு சேர்த்துவிட்டிருந்தால், அது கட்டடத்துக்கானதா கடன்தாரர் உயிருக்கானதா என்று படித்துப் பார்க்க வேண்டும்; இரண்டும் வேறு வேறு. முதல் பெருமழையில் எங்கே ஒழுகுகிறது, ஜன்னல் விளிம்பில் எங்கே ஈரம் ஏறுகிறது என்று குறித்துவைத்து, நிறுத்திவைத்த 5 சதவீதத்தைக் கொடுக்கும் முன் சரி செய்துகொள்ளலாம்.

கடைசிக் காகிதவேலை கடன் அடையும் நாளில் வருகிறது. கடன் முழுதும் அடைந்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடக் கூடாது. கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அடமான ஆவணத்துக்கு ரத்து ரசீதையும் அங்கேயே பதிவு செய்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ரத்துப் பதிவு ஏறியிருந்தால்தான் வீட்டை விற்கவோ பிள்ளைகள் பெயருக்கு எழுதவோ மறு கடன் வாங்கவோ தடை இருக்காது.